கூட்டம் நிறைந்த ஊரில் குடிகள் குறையும்போது

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆரோவில் பக்கமிருந்து புதுச்சேரிக்குள் போக நினைப்பவர் முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலேயே சிக்கிக்கொள்வார். அதைத் தாண்டினால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். துணிக் குவியல்களுக்கு நடுவே கால் வைக்க இடமிராது. நேரு வீதி ஜவுளிக்கடை வாசல்களில் மரக்காணம், திண்டிவனம், வானூர்ப் பக்கத்துக் கல்யாணக் கூட்டம். கடற்கரைச் சாலையில் சென்னை, பெங்களூர் வண்டிகளில் வந்திறங்கிய கூட்டம். இந்த ஊரின் நடுப்பகுதி நலிந்துவருகிறது என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு அதே வீதிகளில் நடந்து பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். ஷட்டர்கள் இறங்கியிருக்கும். அண்ணாந்து பார்த்தால் பல மாடிகளில் விளக்கு இராது. கீழே கடை, முதல் மாடி சரக்கு வைக்கும் இடம், அதற்கு மேலே பூட்டு. ஒரு நகர மையத்தின் உடல்நிலையைச் சோதிக்கத் திட்ட வல்லுநர்களிடம் எத்தனையோ அளவுகோல்கள் உண்டு. எனக்கு நம்பகமாகப் படுவது இந்த இரவு விளக்குதான். பகலில் எத்தனை பேர் வந்துபோனார்கள் என்பது வியாபாரிக்கு வேண்டிய கணக்கு. அங்கேயே எத்தனை குடும்பங்கள் தூங்கி எழுகின்றன என்பது ஊருக்கு வேண்டிய கணக்கு.

குடியிருப்பவர் இருந்தால் மளிகைக் கடை நிற்கும், மாவு மெஷின் ஓடும், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேருவார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டால் நகராட்சிக்குப் போய்ச் சத்தம் போட ஆள் இருக்கும். இந்தக் கடைசிக் காரியத்தைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. சுற்றுலாப் பயணி மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். கடைக்காரர் இரவு எட்டரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு லாஸ்பேட்டைக்கோ ரெட்டியார்பாளையத்துக்கோ வண்டியை விடுவார். குறை சொல்லிக்கொண்டே இருப்பவர் அங்கு வாழ்பவர் மட்டுமே. அவர் போன பிறகு ஒரு வீதி கெடுவதற்கு அதிக நாள் ஆகாது.

புதுச்சேரியின் பழைய நகரம் முட்டை வடிவிலானது. அதைச் சுற்றிவரும் சாலைகளை வைத்து ஊர்க்காரர்கள் இன்றும் ‘புல்வார் பகுதி’ என்றே சொல்கிறார்கள். உள்ளே கட்டம் கட்டமாகச் செல்லும் வீதிகளுக்கு முதலில் கோடு போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693 முதல் 1699 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். சில ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து அதே கோடுகளின் மேல் மறுபடி எழுப்பினார்கள். இன்று பழமை என்று நாம் கொண்டாடுவதெல்லாம் அந்த இரண்டாம் பிறவிக்குப் பிந்தியது. நடுவே வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால். கிழக்கே கடலோரம் பிரெஞ்சுப் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. அதற்குள் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் என்று தனித்தனி வீதிகள்.

இந்த மையம் ஏன் குடிகளை இழந்தது? முதல் காரணம் வேலை. ஊரை ஒட்டி மூன்று பஞ்சாலைகள் இருந்தன: 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், அதாவது ஏ.எஃப்.டி, சுதேசி மில், பாரதி மில். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் மில்லிலிருந்து வந்தது. அந்தச் சம்பளம் பெரிய மார்க்கெட்டிலும் நேரு வீதியிலும் செலவானது. ஆலைகள் பல ஆண்டுகள் நோயாளியாகக் கிடந்தன. 2011 டிசம்பரில் வந்த தானே புயல் ஏ.எஃப்.டி.யை நொறுக்கியது. 2020-இல் மூன்றும் அதிகாரபூர்வமாக மூடப்பட்டன. சம்பளம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே உள்ள தொழிற்பேட்டைகளுக்குப் போனது. வீடுகளும் அந்தத் திசையிலேயே நகர்ந்தன.

இரண்டாவது காரணம் புதுச்சேரிக்கே உரியது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளச் சிலருக்கு வழி இருந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ‘சொல்தா’ குடும்பங்கள் பல அப்படியே வைத்துக்கொண்டன. தாத்தா இங்கே ஓய்வூதியத்தில் வாழ்ந்தார். பேரப்பிள்ளைகள் பாரீஸ் பக்கம். தாத்தா காலமான பிறகு வீடு ஐந்து பேருக்கோ ஒன்பது பேருக்கோ பாகமாகிறது. ஒருவர் கையெழுத்து பிரான்ஸில், ஒருவர் சென்னையில், ஒருவர் பேசுவதே இல்லை. விற்கவும் முடியாமல், பழுது பார்க்கவும் யாரும் பணம் போடாமல் வீடு பூட்டிக் கிடக்கும். ஒரு மழைக்காலம் கூரையில் ஓட்டை விழுந்தால் போதும், ஐந்தாறு ஆண்டுகளில் உத்திரம் இறங்கிவிடும்.

மூன்றாவது, வெறும் கணக்கு. முப்பது அடி அகலமும் நூற்றிருபது அடி ஆழமும் கொண்ட ஒரு தமிழ் வீட்டை எடுத்துக்கொள்வோம். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, பிறகு தலைவாசல், முற்றம், பின்கட்டு. மேல்தளம் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட தளம். இதில் ஒரு குடும்பம் வாழலாம், பின்கட்டில் ஒரு வாடகைக்காரர் இருக்கலாம். இடித்துவிட்டால் கீழே இரண்டு கடைகள், மேலே மூன்று மாடிகளில் ஆளுக்கொரு பிளாட். ஐந்து வாரிசுகளுக்கும் பங்கு பிரித்துவிடலாம். பழைய வீட்டைப் பழுது பார்க்கச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும், பழைய தேக்கு வேண்டும், பொறுமை வேண்டும். வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது. இடித்தவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவதில் பொருளில்லை. அவருக்கு முன்னால் வைக்கப்பட்ட கணக்கு அப்படி. திட்டமிடுகிறவரின் வேலை அந்தக் கணக்கை மாற்றுவது.

1990-களில் மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை வீதி வீதியாகப் போய் மரபுக் கட்டடங்களைப் பட்டியல் எடுத்தபோது சுமார் 1,800 தேறின. அந்தப் பட்டியலில் இருந்தவற்றில் பெரும் பகுதி இன்று இல்லை. போனவற்றில் அதிகமும் வாய்க்காலுக்கு மேற்கே.

கிழக்கே ஏன் அவ்வளவு போகவில்லை? பிரெஞ்சுக் கட்டடங்கள் கூடுதல் அழகு என்பதாலோ அங்கே இருந்தவர்களுக்குக் கலையுணர்வு அதிகம் என்பதாலோ அல்ல. உரிமையாளர்கள் வேறு வகை. கடலோரப் பகுதியில் கணிசமான கட்டடங்கள் அரவிந்தர் ஆசிரமத்திடம் உள்ளன. சாம்பல் வண்ணமும் வெள்ளைக் கரையும் பார்த்தாலே தெரியும். மற்றவை பிரெஞ்சுத் தூதரகம், பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லிசே பிரான்சே பள்ளி, ஆளுநர் மாளிகை, சட்டமன்றம், தேவாலயங்கள். நிறுவனத்துக்கு வாரிசு கிடையாது, பாகப்பிரிவினை கிடையாது, அவசரமாக விற்க வேண்டிய மகள் கல்யாணமும் கிடையாது. ஆண்டுதோறும் சுண்ணாம்படிக்க ஒரு தொகை ஒதுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். பாதுகாப்புப் பற்றிப் பேசும் கூட்டங்களில் அழகைப் பற்றி நிறையக் கேட்கிறோம், பட்டாவைப் பற்றிக் கேட்பதில்லை. எந்தக் கட்டடம் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் பட்டாதான் முடிவு செய்கிறது.

மேற்குப் பகுதியில் அந்தக் கணக்கை மாற்றிப் பார்த்த முயற்சி ஒன்று உண்டு. வைசியாள் வீதி என்று பெயர். அரசுப் பெயர்ப்பலகையில் கல்வே சுப்பராய செட்டி வீதி. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் புதுச்சேரி நகராட்சி, இத்தாலியின் உர்பினோ, பிரான்ஸின் வில்நெவ் சுர் லோட் ஆகிய மூன்று நகரங்கள் கூட்டுச் சேர்ந்தன. களத்தில் வேலை பார்த்தது இன்டாக். இந்த வீதியின் ஒரு பகுதியில் ஏறக்குறைய இருபது வீடுகளின் முகப்பைச் சீரமைத்தார்கள். தாழ்வாரத் தூண்கள் திரும்ப நின்றன. சிமென்ட் பூச்சைச் சுரண்டியெடுத்து மறுபடி சுண்ணாம்பு பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்னும். கடற்கரை ஊரில் உப்புக்காற்றும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று இந்த வீதிக்குக் கிடைத்தது.

அங்கே போய்ப் பார்ப்பவர்கள் வண்ணத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது தாழ்வாரத்தை. வீட்டுக்கு வீடு தொடர்ந்து சென்ற தாழ்வாரம் ஒரு காலத்தில் தெரு முழுக்க நிழல்பாதை. சித்திரை வெயிலில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் குடையில்லாமல் நடந்துவிடலாம். இடிக்கப்பட்ட ஒவ்வொரு வீடும் அந்த நிழலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனது. தொடர்ச்சி அறுந்த பிறகு மிச்சமிருக்கும் தாழ்வாரங்களால் யாருக்கும் பயனில்லை. அவை பைக் நிறுத்தும் இடமாகின்றன. ஆகவே தனித்தனி வீட்டுக்குப் பணம் கொடுப்பதைவிட ஒரு வீதியில் வரிசையாக இருபது வீடுகளுக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம். வைசியாள் வீதி கற்றுக்கொடுத்த பாடங்களில் இதுதான் பெரியது.

குறையும் சொல்ல வேண்டும். முகப்பு என்பது வீட்டின் முதல் பத்தடி. அதற்குப் பின்னால் கூரை, கழிவறை, மின்கம்பி எல்லாம் உரிமையாளர் பாடு. முகப்பு அழகான வீட்டில் வாழ்வது சுலபமாகிவிட்டதா என்றால், அப்படி ஒன்றும் ஆகிவிடவில்லை. வசதி படைத்தவர் அதை ஓட்டலாக மாற்றினார். பணமில்லாதவர் அழகான முகப்பின் பின்னால் ஒழுகும் கூரையோடு இருந்தார். ஓட்டலாவது பாவமில்லை, கட்டடம் பிழைத்தது. ஆனால் ஒரு வீதியில் பாதி ஓட்டலாகிவிட்டால் நாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுகிறோம்: இரவில் விளக்கு எரியும், ஆனால் உள்ளே இருப்பவர் நாளை காலை பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்பவர்.

இந்த விஷயத்தில் மலேசியாவின் பினாங்குத் தமிழர்களிடம் கேட்க நிறைய இருக்கிறது. அங்கே ஜார்ஜ் டவுனில் போருக்கு முந்திய கடைவீடுகளில் வாடகை பல பத்தாண்டுகள் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. சொற்ப வாடகையில் மிளகாய்த்தூள் அரைப்பவர், பூ கட்டுபவர், நகை செய்பவர் எல்லாரும் கீழே தொழிலும் மேலே குடும்பமுமாக வாழ்ந்தார்கள். வீட்டுக்காரர்கள் பழுது பார்க்கவில்லை. வாடகை அதற்குக் கட்டாது. 2000 ஜனவரியில் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது. வாடகை எகிற, குடும்பங்கள் வெளியேறின, கடைவீடுகள் காலியாகின. 2008-இல் ஊர் உலக மரபுச் சின்னமானது. அடுத்த ஆண்டு மலேசிய அரசு சார்பு நிறுவனம் ஒன்று, திங்க் சிட்டி என்று பெயர், பழுது பார்ப்பவர்களுக்கு மானியம் கொடுக்க வந்தது. கட்டடங்கள் மீண்டன, கஃபேக்களும் சிறு ஓட்டல்களும் நிறைந்தன. போன குடும்பங்கள் அவ்வளவாகத் திரும்பவில்லை. கட்டுப்பாட்டை வைத்திருந்தது தவறா, எடுத்தது தவறா என்று அங்கே இன்னும் வழக்காடுகிறார்கள். என் கணிப்பில் தவறு வரிசையில் இருந்தது. மானியமும் குடியிருப்பவர் பாதுகாப்பும் முதலில் வந்து, வாடகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டும்.

இனி பெரிய மார்க்கெட். அரசு ஏடுகளில் குபேர் அங்காடி. மீன், காய், பூ, பாத்திரம், எண்ணெய், வெற்றிலை எல்லாம் ஒரே வளாகத்தில், நடுவே மணிக்கூண்டோடு. கூரைகள் பழசு, வடிகால் மோசம், தீப்பிடித்தால் வண்டி உள்ளே போக வழியில்லை. இதையெல்லாம் வியாபாரிகளே ஒப்புக்கொள்வார்கள். 2017 ஜூனில் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்குத் தேர்வானபோது இந்த மார்க்கெட்டை இடித்துக் கட்டும் யோசனையும் சேர்ந்தது. கடைக்காரர்கள் அத்தனை பேரும் ஏ.எஃப்.டி திடலுக்குத் தற்காலிகமாகப் போக வேண்டும் என்றபோது அவர்கள் மறுத்தார்கள். கடையடைப்பு, மறியல், பேச்சுவார்த்தை என்று இழுத்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பிடிவாதமாகத் தெரியும். ஒரு மீன்காரம்மாவின் இடத்திலிருந்து பாருங்கள். அவருடைய முதலீடு ஒரு கூடை மீனும் நாற்பது வாடிக்கையாளரும்தான். அந்த நாற்பது பேர் காலையில் நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்கள். திடலுக்கு மாற்றினால் அவர்கள் வேறு இடத்தில் வாங்கப் பழகிவிடுவார்கள்; ஒன்றரை வருடம் கழித்துப் பளபளக்கும் கட்டடத்தில் இடம் கிடைத்தாலும் நாற்பது பேர் கிடைக்க மாட்டார்கள். போதாததற்கு, புதுக் கடையின் வாடகை எவ்வளவு, இடம் யாருக்கு, எந்த எண் என்று எழுத்தில் யாரும் தராமல் காலி செய்யச் சொன்னால் எந்த வியாபாரிதான் நம்புவார்?

சந்தைகளை இடம் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சென்னையில் கொத்தவால் சாவடியை 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். அது மொத்த வியாபாரம். லாரிகள் சென்னை ஜார்ஜ் டவுன் சந்துகளில் நாள்தோறும் மாட்டிக்கொண்டிருந்தன. வாங்க வந்தவர்களும் கடைக்காரர்களே. அவர்கள் எங்கே போனாலும் பின்னால் வருவார்கள். சில்லறை வியாபாரத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அது நடந்து வரும் தூரத்தில் வாழ்கிறது. பெரிய மார்க்கெட்டைப் பொறுத்தவரை ஒரு கூரை முடிந்து அதில் கடைகள் குடியேறிய பிறகே அடுத்த கூரையைத் தொடுவது என்று வைத்துக்கொண்டால் காலம் இரட்டிப்பாகும், செலவும் கூடும். அப்படியே செய்தாலும் அது மலிவு. மார்க்கெட் செத்துவிட்டால் சுற்றியுள்ள பத்து வீதிகளுக்கும் ஆள் வருவதற்குக் காரணம் போய்விடும்.

கடற்கரைச் சாலையின் மேரி கட்டடத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1870-களில் எழுந்த நகராட்சிக் கட்டடம், பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2014 நவம்பர் 29 மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கிப் பணத்தில் ஏறக்குறைய 15 கோடி ரூபாயில் அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை கூரையில் ஏறிச் செடி பிடுங்க ஓர் ஆளைப் போட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்தால் வயிறு எரியும்.

கார்களை நிறுத்திவிட்டால் நகர மையம் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையை மூடிவிடுவது புதுச்சேரி செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அது வெற்றி பெற்றதற்குக் காரணம், அங்கே ஏற்கெனவே காற்றும் கடலும் நடக்க வரும் ஊர்க்காரர்களும் இருந்ததுதான். அமெரிக்காவில் கலமசூ என்ற ஊர் 1959-இல் தன் கடைவீதியை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. வேறு பல ஊர்கள் அதைப் பார்த்துச் செய்தன. வாழ்பவர் எல்லாம் புறநகருக்குப் போய்விட்டிருந்ததால் நடப்பதற்கு ஆளில்லை. பெரும்பாலான ஊர்கள் மறுபடி வண்டிகளை விட்டன. கலமசூவும் 1998-இல் ஒரு பகுதியில் விட்டது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் வேறு முனையிலிருந்து தொடங்கியது. 1992 வாக்கில் காலியாகக் கிடந்த அலுவலகக் கட்டடங்களை வீடுகளாக மாற்றுபவர்களுக்கு நகராட்சி கட்டணச் சலுகையும் தொழில்நுட்ப ஆலோசனையும் கொடுத்தது. மாடிகளில் ஆட்கள் குடியேறிய பிறகு கீழே சந்துகளில் கடைகள் தாமாக வந்தன.

நேரு வீதியை நடைவீதியாக்கும் பேச்சும் அவ்வப்போது எழும். மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பம் பஸ்ஸில் வந்து முகூர்த்தப் புடவை எடுக்கும் வீதி அது. பஸ் நிறுத்தம் பக்கத்தில் இருக்கிறதா, வயதான பெண்மணிக்கு உட்கார இடமும் கழிவறையும் உண்டா என்பவை அந்தக் குடும்பத்துக்கு முக்கியம். வாகனத்தைத் தடுத்துவிட்டுக் கல் பாவி, அலங்கார விளக்கு வைத்தால் படம் நன்றாக வரும். அந்தக் குடும்பம் அடுத்த தடவை திண்டிவனத்திலேயே வாங்கிக்கொள்ளும்.

எதை முதலில் செய்வது என்று கேட்டால், பார்வைக்குத் தெரியாததிலிருந்து தொடங்குங்கள் என்பேன். வாய்க்காலில் கழிவுநீர் கலப்பதைத் தடுப்பது, குழாயில் நல்ல தண்ணீர், தெருவடி மின்கம்பி. இவை இல்லாமல் எந்தக் குடும்பமும் திரும்பி வராது. அதோடு சேர்த்து ஒரு கணக்கெடுப்பு: எந்த வீடு யார் பேரில், எத்தனை வாரிசு, யார் குடியிருக்கிறார், மாடி பூட்டா. வாரிசுச் சிக்கலில் உள்ள வீடுகளுக்குச் சமரச மையம் ஒன்று நகராட்சியிலேயே இயங்கினால் எத்தனையோ கூரைகள் பிழைக்கும். பிரான்ஸில் உள்ளவரின் ஒரு கையெழுத்துக்காக ஒரு வீடு விழுவது கொடுமை.

இடிக்காதவருக்கு இழப்பீடு தர இன்னொரு வழி, வளர்ச்சி உரிமை மாற்றம். தன் மனையில் சட்டப்படி கட்டக்கூடிய கூடுதல் மாடிகளை அவர் கட்டாமல் விடுகிறார். கட்டாத அந்தப் பரப்புக்கு ஒரு சான்றிதழ் பெற்று, ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டும் ஒருவருக்கு விற்கிறார். பழைய வீடு நிற்கும், கையில் காசும் வரும். மும்பையும் அகமதாபாத்தும் மரபுக் கட்டடங்களுக்கு இதைப் பயன்படுத்துகின்றன. வெளியே கூடுதல் மாடிகளுக்குக் கிராக்கி இருந்தால்தான் சான்றிதழுக்கு விலை கிடைக்கும். விதியை மீறிக் கட்டிவிட்டுப் பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளும் ஊரில் யாரும் சான்றிதழை வாங்க மாட்டார்கள்.

கைவேலையும் வேண்டும். சுண்ணாம்பும் மண்ணும் கையாளத் தெரிந்தவர்கள் அரிதாகிவிட்டார்கள் என்று எல்லாரும் புலம்புகிறார்கள். பத்துக் கிலோமீட்டர் வடக்கே ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் 1989 முதல் மண்ணால் கட்டும் கலையைக் கற்றுக்கொடுத்துவருகிறது. ஆரோவில்லைக் கட்டிய கொத்தனார்கள் பெரும்பாலும் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம் போன்ற சுற்றுக்கிராமத்தவர்கள். அவர்களுக்குச் சுண்ணாம்பு வேலையில் ஆறு மாதப் பயிற்சி கொடுத்து, புல்வார் பகுதியில் ஆண்டு முழுவதும் வேலை உறுதி சொன்னால் கை கிடைக்கும்.

ஆரோவில்லைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய அந்த நகரத்துக்குப் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ரோஜர் ஆங்கர் வரைந்த திட்டம் 50,000 பேருக்கானது. இன்று அங்கே இருப்பவர்கள் சுமார் 3,300 பேர். நடுவில் தியான மண்டபமான மாத்ரிமந்திர் பளபளக்கிறது. அதைச் சுற்றிவர வேண்டிய ‘கிரௌன்’ வட்டச்சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்களை வெட்டியபோது எழுந்த சண்டை பசுமைத் தீர்ப்பாயம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச்சில் ஆரோவில் அறக்கட்டளைக்குச் சாதகமாக முடிந்தது. சாலை வந்தால் மக்கள் வருவார்கள் என்பது ஒரு கட்சி. மக்கள் வந்த பிறகு சாலை என்பது மற்றது. இதற்கிடையே யாரும் திட்டம் போடாமலே குயிலாப்பாளையம் சாலை ஒரு கடைவீதியாகிவிட்டது. மளிகை, மருந்து, பஞ்சர், பேக்கரி, தையல், மேலே குடித்தனம். வரைபடத்தில் மையம் ஓரிடத்திலும் வாழ்வில் மையம் இன்னோரிடத்திலும் இருக்கிறது. புதுச்சேரிக்கு அந்த வாழ்வு முந்நூறு ஆண்டுகளாகக் கையிலேயே இருக்கிறது.

இன்னும் முடிவாகாத பெரிய கேள்வி, மூடிய மில்களின் நிலம். புல்வாருக்கு எட்டும் தூரத்தில் அவ்வளவு பெரிய பொது நிலம் இனிக் கிடைக்காது. ஏ.எஃப்.டி திடல் பொருட்காட்சிக்கும் அரசியல் கூட்டத்துக்கும் பயன்பட்டது. பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது பஸ்கள் அங்கே நின்றன. ஸ்மார்ட் சிட்டித் திட்டக்காலம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அடுத்து வேறு பெயரில் ஒரு திட்டம் வரும். அங்கே நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு வாடகை வீடுகள் எழுந்தால் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து வரக்கூடிய வாடிக்கையாளர்கள் கிடைப்பார்கள். வணிக வளாகம் எழுந்தால் நேரு வீதிக்குப் போட்டி கிடைக்கும். வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கும் நாளில், புல்வார் பகுதியில் இப்போது எத்தனை குடும்பங்கள், திட்டம் முடியும்போது எத்தனை குடும்பங்கள், அவற்றில் எத்தனை வாடகைக்கு என்று எழுத்தில் பதில் கேட்டு மனுக் கொடுக்கலாம். கருத்துச் சொல்லக் குறிப்பிட்ட நாள்கள்தான் தருவார்கள்.